ஒத்திகையைப் படம்பிடிக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்பு தங்கள் வாசகர் கடிதப் பகுதியில், கோவையில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியைப் பற்றி ஒரு பெரியவர் எழுதியிருந்தார். பாட்டுக் கேட்க வந்த பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மேடையே தெரிவதில்லை, போனுக்கு மொத்தமாகத் தடை போட வேண்டும் என்று. பின்னால் உட்கார்ந்தவரின் சிரமம் எனக்குப் புரிகிறது. காசு கொடுத்து வந்தவருக்கு மேடை மறைத்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் மொத்தமாகத் தடை என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. அப்படி ஒரு தடையால் நல்ல வேலை ஒன்று பாதியில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும், இடம் இருக்கிற நாளில் போடுங்கள்.

நான் கோபிசெட்டிபாளையத்தில் கல்யாண வீடியோக்களுக்கு மிக்ஸிங் செய்கிறவள். வீட்டுக்காரர் கேமரா, நான் கம்ப்யூட்டர். 22 வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் சோனி பிடி 170 கேமரா ஒன்றுதான் இருந்தது. டேப்பில் எடுப்போம். ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். இணைச்சீர் என்கிற கல்யாணச் சடங்கு நடக்கும்போது கேமரா மாப்பிள்ளை பக்கம் நின்றால் பொண்ணு பக்கத்து முகம் ஒன்றுகூட வராது. அதற்காக வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. இப்போது ஒரு முகூர்த்தத்துக்கு 3 கேமரா, கிரேன், ஹெலிகேம் எல்லாம் வந்துவிட்டது. பல கேமராக்களில் எடுத்ததை ஒன்றாகச் சேர்ப்பது எனக்குத் தினப்படி வேலை. அந்த வேலையை வைத்துத்தான் பேசுகிறேன்.

என் அக்கா மகன் கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். அவனும் கூட நாலு பேரும் சேர்ந்து ராக் குழு ஒன்று நடத்துகிறார்கள். இரண்டு கிட்டார், டிரம்ஸ், பாடுகிற பையன், பேஸ் கிட்டார் வாசிக்க ஒரு பெண். பாட்டெல்லாம் அவர்களே கட்டியது, நம்ம ஊர்ப் பேச்சிலேயே இருக்கும். வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும் என்பதால், சோமனூரில் பெரியப்பா ஒருவரின் தறிக் கொட்டகையில் ஒத்திகை பார்க்கிறார்கள். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அவர் சும்மா பூட்டி வைத்திருந்த இடம் அது. பக்கத்துக் கொட்டகையில் இன்னும் தறி ஓடுகிறது. எந்நேரமும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இந்தக் குழுவைத் தொடர்ந்து கேட்கிற பிள்ளைகள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவினாசி, பெருந்துறை, திருப்பூர் என்று பல ஊர். கோவையில் ஒரு பெரிய மேடையில் இவர்களுக்கு முதல் தடவையாக வாய்ப்பு வந்தபோது, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வரலாமா, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு 7 பேர் டவுன் பஸ் ஏறி வந்தார்கள். ஆளுக்கொரு போன். ஸ்டாண்டு கிடையாது. ஒரு போனைத் தரையில் வைத்து நூல் கோன் ஒன்றைச் சாய்மானமாகக் கொடுத்தார்கள். ஒன்றைத் தூணில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள். ஒன்று கடைசிச் சுவரில், ஜன்னல் விளிம்பில். மீதியைக் கையில் பிடித்தார்கள்.

அடுத்த வாரம் அவினாசிப் பொண்ணு ஒருத்தி பென்டிரைவோடு கோபிக்கே வந்துவிட்டாள். "ஏனுங்கக்கா, இதையெல்லாம் கல்யாண வீடியோ மாதிரி ஒண்ணாச் சேத்திக் குடுப்பீங்களா?" என்றாள். எவ்வளவு ஆகும் என்று அவள் கேட்டதற்கு, முதலில் பார்க்கிறேன், வெச்சுட்டுப் போ கண்ணு என்றேன். பார்த்தபின் காசு வாங்க மனம் வரவில்லை.

94 ஜிபி இருந்தது. 7 போனும் 7 விதம். 4 போனில் விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படம், 2 போனில் 60, ஒன்றில் 24. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததால் பாதிப் படத்தில் கறுப்புப் பட்டை ஓடியது. நம் ஊர்க் கரெண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். போனின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் விநாடியில் 60இல் ஒரு பங்காக நின்றால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை விழும். 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. படமெடுக்கிற பிள்ளைகள் இதை ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும். அப்புறம் இன்னொன்று, எடுத்ததை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தெளிவு பாதி போய்விடும். பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்த அந்தப் பொண்ணு கெட்டிக்காரி.

பல கேமராக்களைச் சேர்க்கும்போது முதல் வேலை, எல்லாப் படமும் ஒரே நொடியில் ஒத்து ஓடும்படி வைப்பது. வழக்கமாக ஒருவரைக் கைதட்டச் சொல்லி அந்தத் தட்டலை வைத்துச் சேர்ப்போம். இவர்கள் தட்டவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, பொழுது சாய்கிற நேரத்துக் காட்சியில் கரெண்ட் போயிற்று. டியூப்லைட் அணைந்தது, ஆம்ப் அடங்கியது, பக்கத்துக் கொட்டகைத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த நேரத்தில் 4 போன்கள் ஓடிக்கொண்டிருந்தன. 4 படத்திலும் இருட்டு ஒரே நொடியில் விழுந்திருந்தது. அதையே பிடித்துக்கொண்டு நான்கையும் சேர்த்துவிட்டேன். மற்ற மூன்றை டிரம்ஸ் பையன் குச்சியைக் குச்சியில் தட்டி எண்ணிக்கை கொடுக்கிற இடத்தை வைத்துச் சேர்த்தேன்.

சேர்த்துப் பார்த்தால் கடைசிச் சுவரில் இருந்த போனில் மட்டும் படம் சரியாக இருக்கிறது, சத்தம் பின்தங்கி வருகிறது. போன் பழுதோ என்று நினைத்தேன். கொட்டகை எவ்வளவு நீளம் என்று அக்கா மகனிடம் கேட்டேன், 90 அடி என்றான். காற்றில் சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 90 அடியைக் கடக்க விநாடியில் 12இல் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். நான் சேர்க்கிற விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் அது 2 ஃபிரேம். கல்யாண மண்டபத்தில் கேமராக்கள் கிட்டக் கிட்ட நிற்பதால் 22 வருடத்தில் இது எனக்குத் தட்டுப்பட்டதே இல்லை. அந்தச் சத்தத்தை மட்டும் 2 ஃபிரேம் முன்னால் இழுத்துவிட்டேன், உட்கார்ந்துகொண்டது.

சத்தத்துக்கு வேறொரு வழியும் இருந்தது. குழுவில் ஒரு பையன், மைக், கிட்டார் ஒலிகளை ஒன்றாகக் கலக்கிற மிக்சரிலிருந்து ஒரு ஒயர் இழுத்துச் சின்ன ரெக்கார்டர் ஒன்றில் பதிவு செய்திருந்தான். போன்கள் தாமாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும். டிரம்ஸ் அடி ஒன்று விழுந்தால் பாட்டே அமுங்கிப்போகும். மிக்சரிலிருந்து வருவதில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் காய்ந்த சத்தமாக இருக்கும். அதனால் அதை முதன்மையாக வைத்து, கொட்டகையின் காற்று வருவதற்காகக் கடைசிச் சுவர் போனின் சத்தத்தைக் கொஞ்சமாகக் கலந்தேன். தகரக் கூரை எதிரொலியும் பக்கத்துத் தறியும் அதில் இருக்கின்றன. அதை எடுக்கச் சொன்னார்கள் பையன்கள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

இதற்கு மேல் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவர்களின் ஒரு பாட்டில், 'தகதிமி' என்று நாலாக ஓடுகிற தாளம் நடுவில் 'தகிட தகதிமி' என்று ஏழுக்கு மாறும். மாறுகிற இடத்தில் டிரம்ஸ் பையனுக்குத் தடுக்கியது. திரும்ப ஆரம்பித்தார்கள், திரும்பத் தடுக்கியது. மொத்தம் 11 தடவை. வீடியோவில் எண்ணிப் பார்த்தேன். ஆறாவது தடவைக்குப் பிறகு யாரும் யாரோடும் பேசவில்லை. பாடுகிற பையன் சுவரைப் பார்த்து நின்றான். பேஸ் வாசிக்கிற பெண்ணின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி, அதன் ஓரம் பிரிந்து தொங்குகிறது. அவள் அதைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு மறுபடி வாசிக்கிறாள்.

நூல் கோனில் சாய்த்து வைத்த போன் தரையோடு தரையாக இருந்ததால் அவள் பாதம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. செருப்பில்லாத கால். தாளம் ஏழுக்கு மாறும்போது குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பெருவிரலால் தட்டுகிறாள்: மூன்று, ஒரு சின்ன நிறுத்தம், நான்கு. தூணில் கட்டிய போன் டிரம்ஸ் பையனை மேலிருந்து பார்க்கிறது. ஒன்பதாவது தடவை வரைக்கும் அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பத்தாவது தடவை தலையைத் திருப்புகிறான். எங்கே பார்க்கிறான் என்று அந்தப் படத்தில் தெரியாது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். அவள் காலைத்தான் பார்க்கிறான். பதினோராவது தடவை தாளம் வழுக்காமல் மாறிவிட்டது. ஐந்து பேரும் வாசிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் ஐந்து முகமும் மாறியது தெரிகிறது.

குழுவைக் கூப்பிட்டு வைத்து இதைக் காட்டினேன். அந்தப் பெண், "நான் கால்ல தட்டறேன்னு எனக்கே தெரியாதுங்கக்கா" என்றாள். டிரம்ஸ் பையனும் தான் பார்த்ததை அறியவில்லை. அங்கேயே நின்று வாசித்த ஐந்து பேருக்குத் தெரியாத ஒன்று, பிரியப்பட்டு வந்த இரண்டு பிள்ளைகள் இரண்டு மூலையில் போனை வைத்ததால் தெரிந்தது.

கோவை நிகழ்ச்சியின் வீடியோவையும் பார்த்தேன். எல்இடி திரை, புகை, கிரேன் எல்லாம் சிறப்பு. எடுத்தவர்கள் என் தொழிலைச் சேர்ந்தவர்கள், அவர்கள் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அதே பாட்டில் தாளம் மாறுகிற நேரத்தில் கேமரா கூட்டத்துக்குப் போய்விட்டது. அந்த மாற்றத்துக்கு என்ன பாடுபட்டார்கள் என்று எடுத்தவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. குழுவோடு பழகிய பிள்ளைக்குத்தான் எந்த நொடியில் யாரைக் காட்ட வேண்டும் என்று தெரியும்.

இனி என் மனக்குறை. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் அந்த மேடையிலேயே சவுண்ட் செக், அதாவது ஒலியைச் சரிபார்க்கிற ஒத்திகை நடந்தது. குழு சொல்லித்தான் இரண்டு பெண்கள் போயிருந்தார்கள். தறிக் கொட்டகையில் எடுத்ததன் தொடர்ச்சியை எடுப்பது அவர்கள் எண்ணம். பாதுகாப்புக்கு நின்றவர்கள் போனைக் கையில் வாங்கி, எடுத்ததை அழித்து, அழித்தவை சேர்கிற இடத்துக்குள்ளும் போய் அழித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி முதல் வருடம் படிக்கிறவள். பயந்துபோய் வீட்டில்கூடச் சொல்லவில்லை. மேடையில் இருந்த குழுவுக்கு மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நாங்கதான் வரச் சொன்னோம் என்று சொல்லியிருப்பார்கள்.

நடத்துகிறவர்களுக்கும் வெசனம் இருக்கும். புதுப்பாட்டு முன்கூட்டியே வெளியே போய்விடுமோ, வீடியோ உரிமையை வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறோமே என்று. அது நியாயம்தான். ஆனால் சட்டம் வாசிக்கிறவரைத்தான் முதலிடத்தில் வைக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 38ஆம் பிரிவு, மேடையில் நிகழ்த்துகிறவருக்கு 50 ஆண்டு உரிமை கொடுக்கிறது. தன் நிகழ்ச்சியை ஒலியாகவோ படமாகவோ பதிவு செய்ய அனுமதிப்பதும் மறுப்பதும் அவர் கையில், ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் தவிர. இதைப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காமல் எடுக்கக் கூடாது.

ராக் இசையில் இது புதிதும் இல்லை. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற குழு, கச்சேரியைப் பதிவு செய்ய வருகிற ரசிகர்களுக்கென்றே 1984இல் தனி இடம் ஒதுக்கியது. 2004இல் நியூயார்க்கில் பீஸ்டி பாய்ஸ் குழு ரசிகர்கள் 50 பேரிடம் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னது. நைன் இன்ச் நெயில்ஸ் குழு 2009 ஜனவரியில், தங்கள் கச்சேரிகளில் எடுத்த 400 ஜிபிக்கு மேற்பட்ட படத்தை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே ரசிகர்களிடம் விட்டுவிட்டது. அதே வருடம் ஆகஸ்ட் 23 அன்று பிராக் நகரில் ரேடியோஹெட் வாசித்ததை ரசிகர்கள் கூட்டத்தின் பல மூலையிலிருந்து சின்னச் சின்னக் கேமராக்களில் எடுத்தார்கள். அதற்குக் குழுவே தன் மிக்சர் ஒலியைக் கொடுத்தது. மறு வருடம் முழுக் கச்சேரியும் இலவசமாக வெளிவந்தது. அக்கா மகன் சொல்லி அந்தப் பிராக் படத்தை ஒரு ராத்திரி முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். கேமரா ஆடுகிறது, முன்னால் தலைகள் மறைக்கின்றன. ஆனால் சத்தம் சுத்தமாக இருப்பதால் கண் அதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறது. அந்த ஒரு ஒயரைக் கொடுக்க மனசு வந்ததுதான் பெரிய விஷயம்.

ஒத்திகை என்பதில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே சண்டை வரும், அழுகை வரும். சோமனூர் வீடியோவிலும் 5 நிமிடம் அப்படி இருந்தது. எட்டாவது தடவைக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் இரண்டு பையன்கள் பேசிக்கொண்டது, வெளியே போக வேண்டிய பேச்சில்லை. நான் குழுவிடம் முதலில் காட்டினேன், எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். படமெடுத்த 7 பேரும் தங்கள் போனிலிருந்தும் அதை அழித்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் ஒரு துண்டுகூட வெளியே போடுவதில்லை என்று முதலிலேயே பேசிவைத்திருந்தார்கள், அதையும் காப்பாற்றினார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளிடமிருந்துதான் போனைப் பிடுங்கினார்கள்.

அந்தப் பெரியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒத்திகையை எடுத்த 7 பேரில் ஒருவர்கூட நிகழ்ச்சி அன்று போனை வெளியே எடுக்கவில்லையாம். "எங்ககிட்டதான் இருக்குதுங்களே, அன்னிக்குச் சும்மா கேட்டோம்" என்றாள் அவினாசிப் பொண்ணு. நிகழ்ச்சியில் போன் குறைய வேண்டுமானால் ஒத்திகைக்குக் கதவைத் திறந்துவிட்டால் என்ன? அங்கே பின்னால் நாற்காலி இல்லை, யாருக்கும் மறைக்காது. நடத்துகிறவர்கள் குழுவைக் கேட்டு, அவர்கள் சரி என்றால் பத்துப் பேருக்கு நிற்க இடம் காட்டட்டும். சவுண்டுக்காரர் ஒரு ஒயரும் கொடுக்கட்டும். இதில் யாருக்கும் காசு செலவில்லை.

இதை ராக்கோடு நிறுத்த எனக்கு மனமில்லை. நம் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடக்கிறது. வள்ளி கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடுகிற ஆட்டம் அது. பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்து ஆசிரியர் பத்ரப்பன் அய்யாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அரங்கேற்றத்துக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். ஹெலிகேமை மேலே விட்டு ஒரே நிறச் சேலையில் பெண்கள் வட்டமாகச் சுற்றுவதை எடுத்துக் கொடுப்போம். மேலிருந்து பார்க்கப் பூ விரிகிற மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் கோயில் வாசலில் வாரக்கணக்கில் ராத்திரி நேரத்தில் பழகுகிறார்களே, வேலை முடிந்து வந்து, தூங்குகிற குழந்தையைத் திண்ணையில் போட்டுவிட்டு. ஆசிரியர் ஒரு அடவை எப்படிப் பிரித்துச் சொல்கிறார், புதிதாக வந்தவள் பக்கத்து ஆளின் காலைப் பார்த்து எப்படிப் பிடித்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் எந்த வீடியோவிலும் இல்லை. பாடமே அங்கேதான் இருக்கிறது.

கவுந்தப்பாடி பக்கம் ஓர் ஊரில் இப்போது பழக்கம் நடக்கிறது. போன வாரம் போய் ஆசிரியரைக் கேட்டேன். ஆடுகிறவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டு, சரி என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். சோமனூரில் எடுத்த 7 பிள்ளைகளும் வருகிற சனிக்கிழமை ராத்திரி வருகிறார்கள். ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை கைதட்டச் சொல்லியிருக்கிறேன். ஷட்டரை 50இல் ஒரு பங்கில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு போன் கட்டாயம் தரையில் இருக்க வேண்டும், கால் தெரிய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யும் ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.